ஸ்டெல்லா அக்கா, இரண்டில் ஒன்றுதான் மிச்சம்

பாசமுள்ள ஸ்டெல்லா அக்கா,

நீ போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. இத்தனை நாள் கழித்து எழுதுகிறாளே என்று திட்டாதே. எழுத உட்காரும்போதெல்லாம் உன்னிடம் நான் சொன்ன ஒரு பொய் முன்னால் வந்து நின்றுகொண்டது. அதைத் தாண்டி ஒரு வரி எழுத இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ அதியமான்கோட்டைக்காரி. ஹைவே ஓரத்து மெஸ்ஸில் பதினாறு வருடம் சமைத்தவள். உன் வீட்டுக்காரர் சவரி மாமா அதே ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். நான் இண்டூர்ப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் டீச்சர். நம் இருவருக்கும் சிறுநீரகம் செயலிழந்துபோனது. தருமபுரியில் வாரத்துக்கு மூன்று நாள், காலை ஏழு மணிக்கு, பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் டயாலிசிஸ். இருவருக்கும் பி பாசிட்டிவ். மூளைச்சாவு அடைந்தவர்கள் யாராவது கொடுக்கும் சிறுநீரகத்துக்காகப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். நீ எனக்கு இரண்டு வருடம் முன்னால் பதிந்தவள்.

முதலில் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். ஒருநாள் மெஷினில் இருக்கும்போது எனக்குப் பிரஷர் இறங்கிக் கண் இருட்டிவிட்டது. நீ உன் கையில் இரண்டு ஊசி குத்தியிருப்பதையும் மறந்து எழுந்து உட்கார்ந்து, "சிஸ்டர், இந்தப் புள்ளையப் பாருங்க, போயிடப்போவுது!" என்று கத்தினாய். அன்றிலிருந்து நீ எனக்கு 'நீ' ஆகிவிட்டாய்.

எனக்கு இறங்கும் பிரஷர் உனக்கு ஏறும். என் எடை முப்பத்தெட்டு கிலோ, உன் எடை எழுபத்திரண்டு. "ரெண்டு பேரையும் கலந்து பாதி பாதியாப் பிரிச்சா சரியா இருக்கும்" என்று சிஸ்டர்கள் சிரிப்பார்கள். நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாய். அந்த எடை ஒருநாள் நம் இருவரையும் இப்படிப் பிரிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அன்று செவ்வாய்க்கிழமை. மணி பத்து இருக்கும். மெஷின் முடிய இன்னும் ஒரு மணி நேரம். முதலில் உன் போன் அடித்தது. நீ பேசி முடித்து வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் போனும் அடித்தது. சேலத்தில் நாம் பதிந்து வைத்திருந்த ஆஸ்பத்திரி. "உடனே கிளம்பி வாங்க. எதுவும் சாப்பிடாதீங்க" என்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தை.

சவரி மாமா தெரிந்தவர் காரைக் கொண்டுவந்தார். முன்னால் அவர்; பின்னால் நீ, நான், என் வீட்டுக்காரர். தொப்பூர் கணவாய் இறங்கும்போது லாரிகள் நின்று வண்டி நகரவே இல்லை. உன் ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் என் கை. "ஏன்டி பயப்படுற? ஒரு ஆளுக்கு ரெண்டு கிட்னி. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கடவுள் கணக்குப் போட்டுத்தான்டி நம்மளப் பக்கத்துப் பக்கத்துல படுக்க வெச்சிருக்கிறாரு" என்றாய். நானும் அப்படியேதான் நினைத்தேன். அந்தக் கணவாயில் ஒரு மணி நேரம் நாம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரைப் பற்றித்தான் பேசினோம். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாதவர்கள் வேறு எதைப் பேசுவோம்? ஆபரேஷன் முடிந்ததும் மண்பானையில் மொண்டு மொண்டு ஒரு சொம்பு குடிப்பேன் என்றாய்.

டாக்டரம்மா உன்னைத்தான் முதலில் கூப்பிட்டார். நீ என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "இவளும் இருக்கட்டுங்க. எனக்கு ஒண்ணும் மறைக்கிறதுக்கு இல்ல."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "கொடுத்திருக்கிறது ரொம்பச் சின்னக் குழந்தைங்க. ரெண்டு வயசுகூட ஆகல. கீழ விழுந்து தலையில அடி."

நீ சிலுவை போட்டுக்கொண்டாய். "பேரு என்னங்க?"

"அதெல்லாம் நாங்க சொல்லக் கூடாது."

பிறகு விளக்கினார். அந்த வயதுக் குழந்தையின் சிறுநீரகம் ஒன்றை மட்டும் பெரியவர்களுக்கு வைத்தால் போதாது. அதனால் இரண்டையும் பிரிக்காமல், அவற்றோடு ஒட்டிய ரத்தக்குழாயோடு சேர்த்து, ஒரே ஆளுக்கு வைப்பார்கள். நன்றாகப் பிடித்துக்கொண்டால் அவை பெரியவர் உடம்புக்குள்ளே வளரும். ஆனால் குழாய்கள் மிக மெல்லியவை. ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் போய்விடும்.

ஒரே ஆளுக்கு. அதைக் கேட்டதும் நீ என் கையை விட்டுவிட்டாய். வேண்டுமென்று விடவில்லை. சேலையைச் சரிசெய்யத்தான் விட்டாய். ஆனால் மறுபடி பிடிக்கவில்லை.

"நீங்க வரிசையில முன்னாடி இருக்கீங்க. அதனால உங்களக் கேக்காம நாங்க முடிவு பண்ண மாட்டோம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா உங்க எடைக்கும் பிரஷருக்கும் இவ்வளவு சின்ன கிட்னி தாங்குறது கஷ்டம். எடை கம்மியா இருக்கிறவங்களுக்குத்தான் இது நல்லாப் பொருந்தும். எங்க அபிப்ராயம், உங்களுக்கு இது வேண்டாம். உங்க இடம் எங்கியும் போகாது. பெரியவங்க கிட்னி வரும்போது கூப்புடுவோம்."

"எனக்கு வெச்சா நிக்கவே நிக்காதுங்களா?"

"நிக்கவே நிக்காதுன்னு சொல்ல மாட்டேன். வாய்ப்பு கம்மி."

யோசிக்க அரை மணி நேரம் கொடுத்தார்கள். சவரி மாமாவும் என் வீட்டுக்காரரும் கீழே ஏதோ பாரத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தார்கள். வராந்தா பெஞ்சில் நீயும் நானும் மட்டும். ஆறு வருடமாக நீ ஊசி குத்திக்கொண்ட கை என் பக்கம் இருந்தது. நரம்பெல்லாம் கயிறு கயிறாகப் புடைத்திருந்தது.

"மஞ்சு, நீ சொல்லு. என்ன பண்ணட்டும்?"

அக்கா, அந்தக் கேள்வியை நீ வேறு யாரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா? உன் இடத்துக்கு அடுத்து நின்றவளிடமா கேட்பது? என் மகளுக்கு எட்டு வயது. நான் படுத்திருக்கும்போது மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்க்கிற பிள்ளை. இதெல்லாம் அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஓடவில்லை. எனக்கு அது வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. நீ "வேணும்" என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் இருந்தது.

"டாக்டரம்மா நமக்குக் கெடுதலாச் சொல்லுவாங்களாக்கா?" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நீ முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாய். "சரி. நீ போ. அந்தப் புள்ளையோடத ரெண்டையும் பத்திரமாப் பாத்துக்க" என்றாய். சாயங்காலம் உன்னை மாமா அதே காரில் கூட்டிக்கொண்டு போனாராம். வியாழக்கிழமை நீ வழக்கம்போல ஏழு மணிக்கு மெஷினில் படுத்தாய். பக்கத்துப் படுக்கையில் வேறு யாரோ.

இனி அந்தப் பொய்.

மூன்று நாள் எல்லாம் சரியாகத்தான் போனது. பையில் சிறுநீர் இறங்குவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி அழுதார். நாலாவது நாள் காலையில் வலி. இறங்கியதெல்லாம் சிவப்பு. ஸ்கேன் எடுத்தவர் வெளியே ஓடினார். மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது பெரிய டாக்டர் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தார். "ரெண்டுல ஒண்ணுல ரத்தம் கட்டிப்போச்சும்மா. எடுத்துட்டோம். இன்னொண்ணு நல்லாயிருக்குது. அதக் காப்பாத்திடலாம்" என்றார்.

முப்பத்தெட்டு கிலோ உடம்புக்கு நன்றாகப் பொருந்தும் என்று சொன்னது அது. எனக்குள் நாலு நாள்கூட அது நிற்கவில்லை.

பத்தாவது நாள் நீ போன் செய்தாய். "எப்புடிடி இருக்குற? ரெண்டும் நல்லா வேல செய்யுதா?"

"செய்யுதுக்கா."

"ரெண்டுமேவா?"

"ரெண்டுமேதான்."

"ஆண்டவரே!" என்று நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. ஏன் பொய் சொன்னேன்? பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று கொடுத்தவளிடம் ஒன்றைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? எனக்கே வைத்திருக்கலாமே என்று நீ நினைத்துவிடுவாயோ என்றும் பயந்தேன். ஒரு முறை சொன்ன பிறகு ஒவ்வொரு போனிலும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று.

பிறகு எனக்கு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். நீ போனில் பேசும்போது சொம்பு என் கையில் இருக்கும். விழுங்கும் சத்தம் உனக்குக் கேட்கக் கூடாது என்று போனைத் தள்ளிப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் நீயே கேட்டுவிட்டாய். "தண்ணி குடிக்கிறியா மஞ்சு? சத்தமாவே குடி. நானும் கேக்குறன்." நான் குடித்தேன். அதற்குப் பிறகு உனக்குப் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். கூட்டத்துக்குப் போகக் கூடாது, ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகக் கூடாது, தொற்று வந்துவிடும் என்று டாக்டர்கள் சொன்னது உண்மை. போன் பண்ணக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை.

டயாலிசிஸுக்கு ஊசி குத்தும் உன் கை ரத்தக்குழாய் அடைத்துப்போய்க் கழுத்தில் டியூப் போட்டார்கள் என்று சிஸ்டர் சொன்னார். உனக்குக் காய்ச்சல் வந்ததுகூட அவர் சொல்லித்தான் தெரியும். பெரியவர் ஒருவரின் சிறுநீரகம் வந்தபோது ஒரு தடவை கூப்பிட்டார்களாம். காய்ச்சலோடு வைக்க முடியாது என்று உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதைக்கூட நீ என்னிடம் சொல்லவில்லை. பிறகு தொற்று ரத்தத்தில் கலந்து நீ ஐசியூவில் கிடந்தாய். ஒன்பது நாள். உன் அடக்கத்துக்கு நான் வரவில்லை. டாக்டரைக் கேட்டிருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளி நின்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். நான் கேட்கவே இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்குத்தான் வந்தேன். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சாமியார் பிரசங்கத்தில் உன்னைப் பற்றிப் பேசினார். தனக்கு வந்ததை இன்னொரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்து உயிர் கொடுத்தவள் என்றார். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் எழுந்து வந்து என் வயிற்றைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

பூசை முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். சவரி மாமா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஒடம்பு எப்புடி இருக்குது மஞ்சு?"

"இருக்குறன் மாமா."

"உன்மேல எனக்குக் கோவமில்ல. ஆனா ஒண்ணு சொல்லணும். உள்ள வெச்சிருக்க முடியல." அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். "விட்டுக்குடுத்தா, விட்டுக்குடுத்தான்னு சாமியார்ல இருந்து அத்தன பேரும் சொல்றாங்க. கடேசில அவ என்கிட்ட சொன்னது வேற. 'அன்னிக்கு எனக்கே வைங்கன்னு சொல்லியிருக்கணும். அந்தப் புள்ள பேச்சக் கேட்டு ஏமாந்துட்டன்'னு சொன்னா. ரெண்டு தடவ சொன்னா."

"எந்தப் புள்ள மாமா?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"உன்னத்தான்" என்றார்.

அப்போதுதான் நான் சொன்னேன், அக்கா. உன்னிடம் ஒரு வருடம் மறைத்ததை உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். "மாமா, ரெண்டுல ஒண்ணு நாலாவது நாளே போயிடுச்சுங்க. அக்காகிட்ட ரெண்டும் நல்லாருக்குதுன்னு பொய் சொல்லிட்டன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சொன்னார். "அத அவகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. உன் ஒடம்புலயே ஒண்ணு நிக்கலன்னா எனக்கெங்க நின்னிருக்கும்னு மனசு ஆறியிருப்பா. ரெண்டும் நல்லா ஓடுது, நல்லா ஓடுதுன்னு கேட்டுக் கேட்டுத்தான அவ வெந்து செத்தா."

அக்கா, நீ கோபப்படுவாய் என்று பயந்துதான் மறைத்தேன். உனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

போன மாதம் டாக்டரம்மாவைக் கேட்டேன், ஸ்டெல்லா அக்காவுக்கே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. "யாராலயும் சொல்ல முடியாதும்மா. ரெண்டும் போயிருக்கலாம். ரெண்டும் நின்னும் இருக்கலாம். அத நெனச்சுக்கிட்டு நீங்க மாத்திரைய விட்டுடாதீங்க" என்றார். அதற்குமேல் அவரிடம் எதை எதிர்பார்ப்பது?

மிச்சமிருக்கும் ஒன்று வளர்ந்துவிட்டது. வைக்கும்போது என் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. கடைசி ஸ்கேனில், கிட்டத்தட்டப் பெரியவர்கள் அளவுக்கு வந்துவிட்டது என்று சந்தோஷமாகத் திரையைத் திருப்பிக் காட்டினார்கள். நான் பார்த்தேன். எங்கோ ஒரு வீட்டில் அந்தப் பிள்ளைக்கு வாங்கிய சட்டை அன்றைய அதே அளவில்தான் மடித்துக் கிடக்கும். அந்த அம்மாவுக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவாளா, நெஞ்சு வெடித்துவிடுமா? இரண்டில் ஒன்று போன செய்தியை அவளுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?

நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். மாஸ்க் போட்டுக்கொண்டு. மாதா மாதம் பிள்ளைகளுக்கு எடை பார்க்க வேண்டும் இல்லையா? போன வாரம் ஒரு அம்மா தன் பிள்ளையை எடை மெஷினில் உட்கார வைத்தாள். இரண்டு வயது முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. பத்து கிலோ. அது என்னைப் பார்த்துச் சிரித்தது. என் கை எழுதவில்லை. "கம்மியா இருக்குதுங்களா டீச்சர்?" என்று அந்த அம்மா பயந்துபோனாள். "இல்லம்மா, நல்லா இருக்குது. ரொம்ப நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு, எழுதும் வேலையை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நேற்று நம் வார்டு சிஸ்டர் கூப்பிட்டார். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பெண், இருபத்தாறு வயது, நாற்பது கிலோ. மிகச் சின்னக் குழந்தையின் சிறுநீரகங்கள் வந்தால் ஏற்றுக்கொள்கிறாயா என்று அவளிடம் இப்போதே கேட்டிருக்கிறார்களாம். அவள் பயந்துபோய்ச் சாப்பிடாமல் கிடக்கிறாளாம். "நீங்க வந்து ரெண்டு வார்த்த தைரியம் சொல்லுங்க மஞ்சு. ஸ்டெல்லா அக்கா விட்டுக்குடுத்ததையும் சொல்லுங்க. அந்தத் தெய்வம் பண்ணது நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

வரும் வியாழக்கிழமை போகிறேன்.

அவளிடம் நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். இந்த மாதிரி சிறுநீரகம் என்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று சொல்வேன். இரண்டில் ஒன்று நாலாவது நாளே போனதையும் மறைக்க மாட்டேன். வராந்தா பெஞ்சில் நீ கேட்ட கேள்வியையும், நான் சொன்ன ஒரே வரியையும், எந்த ஆசையில் அதைச் சொன்னேன் என்பதையும் அப்படியே சொல்வேன். உன்னைத் தெய்வம் என்று யார் சொன்னாலும், இல்லை, அவளுக்கும் வாழ ஆசை இருந்தது, ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க ஆசை இருந்தது, அன்றைக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கலாமே என்று நினைத்து அழுதுதான் செத்தாள் என்று சொல்வேன். இது சத்தியம் அக்கா.

உன் பக்கத்துப் படுக்கைத் தங்கச்சி,
மஞ்சுளா,
இண்டூர்.